சுற்றிப் போன தடம்

காலை ஏழு மணிக்குப் பலூனைக் காணவில்லை. அதன் கயிற்றைச் சுற்றும் ராட்டினத்தில் மிச்சமிருந்தது முழ நீளக் கயிறு. அதன் நுனி கத்தியால் அறுத்தது போலச் சுத்தமாக இருந்தது.

பலூன்காரி அந்த நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். முகாமில் எல்லோரும் அந்த ஆராய்ச்சி மாணவியை அப்படித்தான் கூப்பிட்டார்கள். பனிவெளியில் தரையை ஒட்டிய காற்று, ஆள் உயரத்துக்கு ஒரு குளிர், மாடி உயரத்துக்கு ஒரு குளிர் என்று அடுக்கடுக்காக நிற்கும். அதை அளக்க வந்தவள் அவள். காற்று வீசினால் அடுக்கெல்லாம் கலந்துவிடும். அசைவே இல்லாத ஓர் இரவுக்காகப் பருவம் முழுக்கக் காத்திருந்தாள். அது நேற்றுத்தான் வாய்த்தது. கருவியைக் கட்டிப் பலூனை ஏற்றிவிட்டுப் படுத்தாள். கருவியும் போச்சு, அதற்குள் சேர்ந்த அளவுகளும் போச்சு.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் தலைவர். "மெக்கானிக்தான். நேத்து சாப்பிடறப்ப எல்லாரும் கேட்டீங்களே!"

கேட்டது உண்மை. உறைந்துபோன ராட்டினத்தோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், 'இந்தச் சனியன அறுத்து விட்டாத்தான் எனக்கு நிம்மதி' என்று அவன் கத்தியிருந்தான். அவன் பலூன்காரியின் கூடப்பிறந்த அண்ணன். மதியம் விமானம் வரும். அதில் அவனைக் குற்றப் பத்திரிகையோடு ஏற்றிவிடப் போவதாகத் தலைவர் சொன்னார். அப்படிப் போனவனை எந்த முகாமும் மறுபடி சேர்க்காது.

"அண்ணா... நீயா?"

மெக்கானிக் அறை வாங்கியவனைப் போலத் தங்கையைப் பார்த்தான். "கத்தி இடுப்புல இருக்கு, கோபம் வாயில இருக்கு. ரெண்டையும் சேத்துப் பாத்தா நான்தான்னு தோணும். நீயும் சேத்துப் பாத்துட்ட, அவ்வளவுதான்."

டாக்டரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. அவர் சும்மா இருக்கத் தெரியாதவர். நோயாளி இல்லாத நாளில் ஸ்டெதாஸ்கோப்பை ஜெனரேட்டரில் வைத்துப் பார்ப்பார் என்று முகாமில் கேலி உண்டு. விமானத்துக்கு முன்னால் விஷயம் தெரிந்தாக வேண்டும் என்று பரபரத்தார்.

தங்கும் அறைகளிலிருந்து ராட்டினக் கொட்டகைக்கு நேர்ப் பாதை ஒன்று இருந்தது. பலரும் நடந்து நடந்து தார் ரோடு மாதிரி இறுகிப்போன பாதை. அதில் யார் நடந்தாலும் சுவடு விழாது. ஆனால் புதுப் பனியில் ஒரு தடம் தெரிந்தது. பாதை தொடங்கும் இடத்திலேயே விலகி, வெப்பமானிகள் மாட்டிய கம்பத்தின் பின்பக்கமாக அரைவட்டம் போட்டுக் கொட்டகைக்குப் போய், வந்த வழியே திரும்பியிருந்தது. பூட்ஸ் அளவை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. முகாமில் எல்லோருக்கும் ஒரே பூதாகார பூட்ஸ்தான்.

"ஏன் சுத்திப் போகணும்?" என்று கேட்டபடி டாக்டரம்மா நேர்ப் பாதையில் கால் வைத்தார்.

"அங்க வேணாம்!" தலைவர் பதறினார். "அந்தப் பாதைய மூடியாச்சு. கம்பத்துக்கு முன்னாடி இருக்கற பனி மிதிபடாம, தானா சமமாகணும். நேத்து படுக்கப் போறப்பதான் முடிவு பண்ணேன். இன்னைக்குக் கொடி நடணும்."

"சரி சரி." டாக்டரம்மா காலை எடுத்துக்கொண்டார்.

"சுத்திப் போனதுக்குக் காரணம், சமையலறை ஜன்னல். யாரும் பாத்துடக் கூடாதில்ல?" என்றார் தலைவர்.

தலைவர் இருபது வருடமாகக் கம்பத்தில் குளிரை அளப்பவர். கம்பம் அவருக்குப் பிள்ளை மாதிரி. அதன் கிட்டே வேறு யாரையும் அண்ட விடமாட்டார்.

டாக்டரம்மா தடத்தை ஒட்டியே நடந்தார். கம்பத்தைத் தாண்டும்போது நீட்டிய இரும்புக் கை ஒன்று இடுப்பில் இடித்தது. அதன் நுனியில் கம்பத்தின் அடிக்கடைசி வெப்பமானி ஆடியது. இடுப்பைத் தடவிக்கொண்டு நிமிர்ந்தார். எதிரே சமையலறை ஜன்னல். அடுப்பில் எது கொதிக்கிறது என்பதுகூடத் தெரிந்தது.

அவர் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார்.

பத்து மணிக்கு எல்லோரும் சாப்பாட்டு அறையில் கூடினார்கள். மெக்கானிக்கின் பெட்டி வாசலில் தயாராக இருந்தது.

"தலைவரே, ஜன்னலுக்குப் பயந்தவன் நேர்ப் பாதையிலதான் போயிருப்பான். சுத்துப் பாதைதான் ஜன்னலுக்கு நேரா இருக்கு" என்றார் டாக்டரம்மா.

"இருட்டுல அவனுக்கென்ன தெரியும்?"

"ஜன்னல்ல விளக்கு எரியும், தெரியும். அதுவும் சுவடே விழாத பாதை இருக்கறப்ப, திருடன் எதுக்குப் புதுப் பனியில தடம் பதிச்சுட்டுப் போகணும்?"

டாக்டரம்மா தலைவரை நேராகப் பார்த்தார்.

"நேர்ப் பாதைய மிதிக்கக் கூடாதுன்னு நினைச்சவன்தான் அப்படிப் போவான். பாதைய மூடினது எங்களுக்கு இன்னைக்குக் காலையிலதான் தெரியும். அந்தத் தடத்துக்கு மட்டும் ராத்திரியே தெரிஞ்சிருக்கு. அப்ப அது தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான்."

தலைவரின் கை மேஜை விளிம்பைப் பிடித்தது.

"எனக்கென்ன வந்தது அந்தப் பலூன அறுக்க?"

டாக்டரம்மா பலூன்காரியிடம் திரும்பினார். "கம்பத்தோட அடிக்கடைசி வெப்பமானி எவ்வளவு உயரத்துல இருக்கணும்மா?"

"ரெண்டு மீட்டர், டாக்டர். ஆள் உயரத்துக்கும் மேல. நேத்து ராத்திரி பலூன் அளவையும் கம்பத்தோட அளவையும் ஒப்பிட்டுப் பாக்கறதா சார்கிட்ட சொல்லியிருந்தேன்."

"இன்னைக்கு அது என் இடுப்புல இடிச்சுது."

பலூன்காரிக்குச் சட்டென்று புரிந்தது. அசைவில்லாத இரவில் அந்த ஒரு மீட்டரிலேயே குளிர் எக்கச்சக்கமாக மாறும். பலூன் இறங்கியிருந்தால் கம்பத்தின் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "வருஷா வருஷம் பனி ஏறும். கருவிய மேல தூக்கணும். ஒரு வருஷம் முதுகு வலின்னு விட்டேன். அடுத்த வருஷம் தூக்கினா, முந்தின கணக்கெல்லாம் தப்புன்னு தெரிஞ்சுடும். அப்புறம்... தூக்கவே முடியல."

"உங்க தப்புக்கு என் அண்ணனையா அனுப்பப் பாத்தீங்க?" பலூன்காரியின் குரல் உடைந்தது. சொன்ன பிறகுதான் தானும் காலையில் அவனை நம்பாதது உறைத்தது. அவமானத்தில் முகத்தை மூடிக்கொண்டாள்.

மெக்கானிக் வாசலில் இருந்த பெட்டியை உள்ளே தள்ளினான். "போதும், கிளம்பு. அந்தப் பலூன்ல ஒட்டுப் போட்டது நான். அது எவ்வளவு நேரம் தாங்கும்னு எனக்குத் தெரியும். காத்தும் இல்ல. பக்கத்துலதான் எங்கயாவது விழுந்திருக்கும்."

"அண்ணா, உன்னைப் போய் நான்..."

"வண்டில ஏறு. உன்னைத் திட்ட அப்புறம் நேரம் இருக்கு."

பனி ஸ்கூட்டர் உறுமியது. அவன் வண்டியை நேர்ப் பாதைக்குத் திருப்பினான். பின்னால் இருந்த தங்கை அவன் தோளைத் தொட்டாள்.

"சுத்திப் போண்ணா. அந்தப் பனி மிதிபட வேணாம்."

மெக்கானிக் பாதையைப் பார்த்தான், கம்பத்தைப் பார்த்தான். வாய்க்குள் ஏதோ திட்டிக்கொண்டே வண்டியை வளைத்தான். ஜன்னலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த தலைவர், டாக்டரம்மாவின் முன்னால் தலையைக் குனிந்துகொண்டார்.