போகிக் கூடையில் தேன்சிட்டு

1989 ஜனவரி 12, வியாழக்கிழமை. போகிக்கு முந்தைய நாள். மாலை நாலே முக்காலுக்கு, அஸ்தினாபுரத்தில் ஒரு வாடகை வீட்டு வாசலில், விளக்கு ஒயரிலிருந்து ஒரு தேன்சிட்டுக் கூடு கீழே விழுந்தது.

தள்ளியவள் சாமுண்டீஸ்வரி. ஆறாம் வகுப்பு. எல்லோருக்கும் சாமு. கையில் ஒட்டடைக் கம்பு இருந்தது. அது கூடு என்று அவளுக்குத் தெரியாது. நூலாம்படையும் மரப்பட்டைத் துணுக்கும் ஒட்டிக்கொண்டு தொங்கிய குப்பை என்றே நினைத்தாள். காய்ந்த குப்பை நன்றாக எரியும். தெருவிலேயே பெரிய போகிக் குவியல் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஒரு வாரமாகப் பழைய பாய், கிழிந்த முறம் எல்லாம் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டில் இரண்டு குடித்தனங்கள். ஒயர் பக்கத்துக் குடித்தனத்தின் வாசலில் இருந்தது. அங்கே இருக்கும் செல்வமேரியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அரையாண்டுத் தேர்வின்போது ஸ்கேல் இரவல் தராததற்காக இருவரும் காய் விட்டிருந்தார்கள். முதலில் பேசுகிறவள் தோற்றவள்.

மூன்று வாரமாகச் செல்வமேரி வீட்டார் முன்வாசலை விட்டு, கிணற்றடி வழியாகவே போய்வந்தார்கள். அவள் அப்பா வில்பிரட் சைக்கிளைக்கூடச் சமையலறை வழியாகத் தள்ளிக்கொண்டு போனார். எல்லாம் தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் என்று சாமு நினைத்திருந்தாள்.

கூடையில் எடுத்துப் போட்ட குப்பை ‘கீச்’ என்றது.

குனிந்து பார்த்தாள். பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டை. அதற்குள் இரண்டு வாய்கள் திறந்திருந்தன.

சாமு கூடையோடு வீட்டுக்குள் ஓடினாள். கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஜன்னலோரம் நின்றாள்.

சற்று நேரத்தில் தாய்ச்சிட்டு வந்தது. அலகில் ஒரு சிலந்தி. கூடு இருந்த இடத்தில் சிறகடித்தபடி நின்றது. ஒயரில் உட்கார்ந்தது. மறுபடியும் அதே இடத்துக்குப் பறந்தது.

அதற்குள் கூட்டைக் காணோம் என்று செல்வமேரி அலறுவது கேட்டது. வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பிய வில்பிரட்டும் ஓடிவந்தார். சாமு வீட்டின் பக்கச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த மாரியைக் கூப்பிட்டார். கிறிஸ்துமஸுக்கு முன்பே அடித்துத் தரும்படி வில்பிரட் வீட்டுக்காரரிடம் கேட்டிருந்தார். அவர் பொங்கலுக்குத்தான் ஆளை அனுப்பினார்.

“அந்த ஒயர் பக்கம் போகாதேன்னு காலையிலேயே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?” என்றார் வில்பிரட்.

“நான் உங்க பக்கமே இன்னும் வரல சார். ஒயர்ல ஒரு சொட்டு சுண்ணாம்பு கீதா, நீங்களே பாருங்க.”

வில்பிரட் பார்க்கவில்லை. எங்கள் பக்கம் நீ அடிக்கவே வேண்டாம், கிளம்பு என்று சொல்லிவிட்டார். மாரி சுண்ணாம்பு அடிக்கும் நார்மட்டையைக் கழுவ உட்கார்ந்தார்.

ஜன்னலோரம் நின்று சாமு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தேய்ந்துபோன பழைய மட்டை ஒன்றை, “போகிக்கு வெச்சுக்கோ பாப்பா” என்று அன்றைக்குத்தான் மாரி கொடுத்திருந்தார். அது கூடைக்குள் கூட்டின் பக்கத்திலேயே கிடந்தது.

வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து மறுபடி ‘கீச்’ என்றது.

சாமு கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

“மாரி அண்ணன் தொடல, அங்கிள். நான்தான் தள்ளினேன். குப்பைன்னு நினைச்சேன்.” தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அவரைத் திட்டினப்ப உள்ளேதான் இருந்தேன்.”

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“கேட்டுக்கினே இருந்தியா பாப்பா?” என்று மட்டும் மாரி கேட்டார்.

செல்வமேரி கூட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். “ரெண்டும் உயிரோடதான் இருக்கு,” என்றாள். சாமுவைப் பார்த்துச் சொல்லவில்லை.

கூட்டின் மேல்முனை பிய்ந்திருந்தது. இனி அது தானாகத் தொங்காது. நூலால் கட்டலாம் என்றார் வில்பிரட். நூல் இறுகினால் கூட்டை அறுத்துவிடும் என்று சாமுவுக்குத் தோன்றியது. பழைய மட்டையிலிருந்து நாலைந்து நார்களை உருவி, தண்ணீரில் நனைத்து நீட்டினாள். மாரி ஒன்றை இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

வில்பிரட் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். மாரி மேலே ஏறினார்.

“எந்த எடத்துல?”

“ரெண்டாவது கிளிப்புக்கும் மூணாவது கிளிப்புக்கும் நடுவுல. ஓட்டை தெருப் பக்கம் பார்க்கணும்,” என்றாள் செல்வமேரி.

கட்டி முடித்ததும் எல்லோரும் கிணற்றடிக்குப் போய் ஒளிந்துகொண்டார்கள். ஐந்து நாற்பதுக்குத் தாய்ச்சிட்டு வந்தது. இரண்டு முறை சுற்றியது. பிறகு ஓட்டையில் தலையை நுழைத்தது.

வில்பிரட் மாரியிடம் திரும்பினார். “டீ சாப்பிட்டுப் போங்க,” என்றார். அதுவரை ‘நீ’ என்று பேசிக்கொண்டிருந்தவர்.

மறுநாள் விடியற்காலையில் சாமு தன் குவியலைப் புகை எட்டாத தெருக்கோடிக்கு இழுத்துப் போனாள். நான்கு நடையானது. நான்காவது நடையில் கிழிந்த பாயின் மறுமுனையைச் செல்வமேரி பிடித்தாள். வழியில் இருவரும் பேசவில்லை. பாயைக் கீழே வைத்ததும் செல்வமேரி இரண்டு விரலை நீட்டிப் பழம் விட்டாள்.

அதற்குப் பிறகு சாமு வீட்டாரும் முன்வாசலைச் சிட்டுக்கு விட்டுவிட்டு, கிணற்றடி வழியாகவே போய்வந்தார்கள்.

ஜனவரி 21 அன்று இரண்டு குஞ்சுகளும் பறந்தன. 22, ஞாயிற்றுக்கிழமை, மாரி வந்து ஒயருக்குக் கீழே விட்டுவைத்திருந்த ஒரு முழச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். சாமு வாளியைப் பிடித்துக்கொண்டாள்.