சிவப்பு மூடி

“போர் நடந்தப்ப நீங்க என்ன பண்ணீங்க, மாமா?” என்று கேட்டாள் வாயாடி.

வரலாற்றுப் பாடத்துக்குக் கட்டுரை எழுத வேண்டும். இருபது வருடங்களுக்கு முன் நடந்த போரைப் பார்த்த ஒருவரிடம் பேசி எழுத வேண்டும். மாடிவீட்டு வால்வு மாமாவோ சனிக்கிழமை மகள் ஊருக்கே குடிபோகிறார்.

மாமா பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டே, “தண்ணி திறந்துவிட்டேன்” என்றார்.

“சண்டை போடலையா?”

“நானா? கரப்பான் பூச்சியைப் பார்த்தாலே நாற்காலி மேல ஏறிடுவேன்!”

வாயாடிக்கு முகம் தொங்கிப்போனது. பாடப் புத்தகத்தில் தளபதிகள்தான் இருக்கிறார்கள். தண்ணீர் திறந்தவர் யாரும் இல்லை.

“மூணு மாசம் ஊரடங்கு” என்றார் மாமா. “தெருமுனையில இரும்பு மூடி இருக்கே, அதுக்குள்ளதான் வால்வு. காலைல ஆறு மணிக்கு நாற்பது சுத்து சுத்தணும். குண்டுச் சத்தத்துல எண்ணிக்கை தப்பிடும். மூணாவது நாள், ‘போதும்டா சாமி, இனி வர்றதில்லை’ன்னு நினைச்சேன். பார்த்தா, மூடி மேல ஒரு பிளாஸ்க். சுடச்சுட டீ! அப்புறம் தினமும் இருந்துச்சு.”

“யார் வெச்சாங்க?”

“தெரியலையே! கடைசி நாள் பக்கத்துல குண்டு விழுந்துச்சு. டீ குடிச்ச பிளாஸ்க் மூடியோட ஓடி வந்துட்டேன்.” பெட்டியிலிருந்து ஒரு சிவப்பு மூடியை எடுத்தார். “வீடு வீடா விசாரிச்சேன். யாரும் ஒத்துக்கல. நன்றி சொல்லாமலே ஊரைவிட்டுப் போறேன்.”

மறுநாள் பாவாடையை வாங்கிவரத் தையல்கார அத்தை வீட்டுக்குப் போனாள் வாயாடி. அத்தையின் அதட்டலுக்குத் தெருவே நடுங்கும். மேசைமேல் ஒரு பழைய சிவப்பு பிளாஸ்க். மூடிக்குப் பதில் ஒரு டம்ளரைக் கவிழ்த்திருந்தார்கள்.

“மூடி எங்கே அத்தை?”

தையல் இயந்திரம் நின்றது.

“எப்பவோ தொலைஞ்சுபோச்சு. உனக்கெதுக்கு அதெல்லாம்? பாவாடையை எடுத்துட்டுக் கிளம்பு!”

வாயாடி வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அது அவள் வாழ்க்கையிலேயே அபூர்வம்.

செய்தியைக் கேட்டதும் மாமா பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார். “அவங்களா? ஒரு காலர் தைக்க மூணு மாசம் இழுத்தடிச்சாங்களே! இப்பவே போய் நன்றி சொல்றேன்.”

“வேண்டாம் மாமா. சொல்லணும்னா அவங்களே எப்பவோ சொல்லியிருப்பாங்க.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “அவங்க முற்றத்துக் குழாய் ஒழுகுது. கீழே வாளி வெச்சிருக்காங்க” என்றாள்.

மாமா அடுக்கிய பெட்டியைக் கலைத்து, அடியிலிருந்து ஸ்பேனரை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை கட்டுரையைப் படித்த ஆசிரியை, “டீ வெச்சது யாரும்மா?” என்று கேட்டார்.

“எங்க தெருக்காரங்கதான் டீச்சர்” என்றாள் வாயாடி.

சனிக்கிழமை காலை ஆறு மணி. தையல்கார அத்தை வழக்கம்போல் பிரார்த்தனைக்குப் போயிருந்தார். வாயாடி தூக்கத்தில் இருந்தாள்.

அத்தை திரும்பி வந்தபோது முற்றத்தில் சொட்டுச் சத்தம் இல்லை. வாளி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல், கழுவித் துடைத்த ஒரு சிவப்பு மூடி.