ரயில் ஓடாத ஞாயிறு

தண்டவாளத் திருத்தவேலை என்று அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தைப் பக்கம் ஒரு ரயிலும் ஓடவில்லை. ஆனால் சயந்தனின் லப்டொப்பில், 'ரயில்' என்று பெயரிட்ட ஃபோல்டருக்குள், பிற்பகல் மூன்று மணிக்குள் பதினேழு பதிவுகள் விழுந்திருந்தன.

சயந்தனுக்குத் தொழில், செவ்வாய்க் கிரகத்தின் நில அதிர்வுகளைத் தரம் பிரிப்பது. அங்கே இறக்கிவிட்ட கருவி தூசு மூடிச் செத்துச் சில வருடங்களாகிவிட்டன. சாகுமுன் அது அனுப்பிய பதிவுகளை, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்காக, கடற்கரை ரயில்பாதைக்கு இரண்டு வீடு தள்ளியிருந்த நிலமாடி ப்ளாட்டில் இருந்து ஆராய்ந்துகொண்டிருந்தான். அதிர்வு படிக்க இதைவிடக் குலுங்குகிற இடம் உலகத்தில் கிடைத்திராது. ஆகவே ஒரு யுக்தி செய்தான். சின்ன அதிர்வுமானி ஒன்றைத் தன் வீட்டுத் தரையில் பொருத்தி, குப்பைச் சத்தத்தை ஒதுக்குகிற நிரலை அதிலே பழக்கினான். சீராக இடிக்கிற எதையும் நிரல் ரயில் என்று எடுத்து வைத்துவிடும். வெள்ளவத்தையில் வளர்ந்தவன் எவனும் அதைத் திறந்து பார்க்கமாட்டான். கட்டில் ஆடினால் ரயில். அலுமாரிக் கண்ணாடி கிணுகிணுத்தால் ரயில். அவ்வளவுதான்.

"என்னப்பா, திரும்பவும் அந்த ஸ்பீக்கரைப் போடப் போறீங்களோ?" அறைக்குள்ளிருந்து மனைவி மிதுனா கேட்டாள். "எட்டில செவ்வாய் எண்டு சொன்ன சாத்திரி, மனுசன் அதை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வருவான் எண்டு சொல்லேல்லையே."

"உமக்கும் செவ்வாய் எண்டுதானே பொருத்தினவை. பேசாமல் படும்."

அவளுக்கு ஏழாம் மாதம். முந்திய இரண்டும் தங்கவில்லை. இந்த முறை கட்டிலை விட்டு அசையவே கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். செவ்வாயின் அதிர்வை நூறு மடங்கு வேகப்படுத்தினால்தான் காதுக்குப் பிடிபடும் என்பதால், அவள் நித்திரை குழம்பாதபடி பெரிய ஸ்பீக்கரைத் தரையில் குப்புறக் கவிழ்த்துவைத்து, ஒரு மாதமாகக் கேட்டுவந்தான் சயந்தன். சத்தமெல்லாம் தரைக்குள் போய்விடும். நல்ல ஏற்பாடு என்று அவனே தன்னை மெச்சியிருந்தான்.

ஃபோல்டரைத் திறந்தான்.

அதிர்வில் இரண்டு அலை வரும். ஒன்று ஓடி வரும், மற்றது பின்னால் நடந்து வரும். மின்னலுக்கும் இடிக்கும் போல, இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் தூரம். பத்து நாளுக்கு முந்திய பதிவில் நாற்பது விநாடி. அதாவது, முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். அடுத்த நாள் முப்பத்தாறு. பிறகு முப்பத்திரண்டு. இன்று காலை மூன்று. கடைசிப் பதிவில் ஒன்று.

திசையைப் பார்த்தான். மேற்கும் இல்லை, கிழக்கும் இல்லை. நேர் கீழே.

மூன்று இடி, ஒரு ஓய்வு, பிறகு எதையோ இழுப்பது போல ஒரு நீளக் கோடு. இந்த வடிவம் அவனுக்குத் தெரியும்; ஒரு மாதமாக ஸ்பீக்கரில் தரைக்குள் ஒலிக்கவிட்டது இதைத்தான். செத்த கருவியின் கடைசிப் பதிவுகளை எடுத்து மேலே பொருத்தினான். பிசகாமல் பொருந்தின. அங்கேயும் நாற்பது, முப்பத்தாறு, முப்பத்திரண்டு. கடைசியில் பூச்சியம். அதற்குப் பிறகு அங்கிருந்து பதிவே இல்லை. தூசு என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். அவனும்தான்.

மேல்வீட்டு மீன்குழம்பு மணத்தையும் கடலின் உப்புக்காற்றையும் விலக்கிக்கொண்டு, வெயிலில் காய்ந்த வெறும் தண்ணீர்த்தாங்கியின் துரு மணம் ஒன்று தரையோரமாக ஊர்ந்து வந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அதன் சத்தம் எங்கோ பம்பலப்பிட்டியிலிருந்து வருவதுபோல் தூரமாகக் கேட்டது. தொலைபேசி அடித்தது. வாசல் காவலாளி பஸீர்.

"சேர், மேல ஐறீன் மிஸ் ஏசுறாங்க. ஞாயித்துக்கெழமையில சொவர்ல தட்ட வாணாமாம்."

"நான் தட்டேல்லை, பஸீர். ஒரு த்ரீவீல் பிடியும். கெதியா."

"ஆஸ்பத்திரிக்கா சேர்?"

"எங்கயாவது."

திரையில் புதிய பதிவு. அரை விநாடி.

அவளைத் தூக்கினால் பிள்ளை போய்விடலாம். தூக்காவிட்டால்? நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். உள்ளங்காலில் இடி. ஒன்று. இரண்டு. மூன்று.

கால் விநாடி.

"மிதுனா! நான் தூக்குறன், கழுத்தைப் பிடியும்!"

அறைப் பக்கம் ஓர் அடி வைத்தான்.

இழுப்பு. நீளமாக. பல் கூசியது.

பிறகு ஒன்றுமில்லை. விசிறியும் இல்லை, கடலும் இல்லை. திரும்பிப் பார்த்தான். திரையில் இரண்டு அலையும் ஒரே கோடு. பூச்சியம்.

அறை வாசலுக்கு ஓடினான். நின்றான்.

மிதுனா கட்டிலின் விளிம்போரம் சரிந்து, கண்ணை மூடிக் கிடந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் வெள்ளை மாபிள் தரை, ஒரு வெடிப்புக்கூட இல்லாமல், வயிறுபோல் வழுவழுவென்று உருண்டு மேலெழுந்திருந்தது. உள்ளிருந்து பானையளவு குதிகால் ஒன்று இடப்பக்கம் புடைத்து, மெல்ல வழுக்கி, வலப்பக்கம் போனது.

"உதைக்காதை, செல்லம்," என்று நித்திரையில் முணுமுணுத்தாள் மிதுனா.

கட்டிலுக்கு வெளியே தொங்கிய அவள் கை, தரையைத் தடவிக்கொண்டிருந்தது.