மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள்

அந்த மேசை மாவ்பி ஊரிலிருந்து ஒரு காய்கறி லாரியில், முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே சாய்ந்தபடி வந்து சேர்ந்தது. பர்மாவில் இன்சீன் மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் தையல் மெஷின் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்த சத்யபாமாவுக்கு அன்று காலையிலிருந்தே யாரைக் கண்டாலும் எரிந்து விழத் தோன்றியது. கரண்ட் இல்லை. அதைவிட, வார்டு ஆபீஸ் ஆள் கோ தெய்ன் முந்தின நாள் மறுபடியும் வந்துவிட்டுப் போயிருந்தான். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், மகன் கோபிகிருஷ்ணனின் பெயரைப் பதிய வேண்டும் என்றான். மகன் ஊரில் இல்லை என்று அவள் சொன்னாள். அவன் மாடியில் பழைய மெஷின் பெட்டிகளுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தான்.

மேசையை இறக்கிவைத்தவர் பழைய சாமான் வியாபாரி அமீர் அலி. பட்டாளத்து அதிகாரிகள் முகாமுக்கு முகாம் தூக்கிப்போகும் தேக்கு மேசை அது. மூடினால் பெட்டி. கால்களை மாட்டி, முன்பலகையைக் கீழே இறக்கினால் எழுதுகிற மேடை, உள்ளே வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். நூல் சுற்றும் பாபினும் ஊசியும் திருகாணியும் பிரித்துப் போட அதைவிடத் தோதானது கிடைக்காது.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லிடறேன்" என்றார் அமீர் அலி, குரலைத் தாழ்த்தி. "ஜப்பான்காரன் காலத்துல காட்டுல ரயில் பாதை போடக் கூலி ஆளு புடிச்சாங்கல்ல, அப்ப பேரு எழுதின மேசை. நம்ம தமிழ் ஆளுங்கதான் அதிகம். போனவன் எவனும் திரும்பல. இத வாங்கிட்டுப் போன ரெண்டு பேரும் திருப்பிக் கொண்டாந்துட்டாங்க."

"ஏன்?"

"ஒக்கார முடியலன்னாங்க."

"எனக்கு இருக்கிற எரிச்சல்ல பேயி வந்தாத்தான் பாய் நல்லது" என்றாள் சத்யபாமா.

அன்று மாலையே சுரண்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மேலே பூசியிருந்த பச்சை பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. கீல்களுக்கு எண்ணெய் விட்டாள். பித்தளை மூலைத்தகடுகளைப் புளி போட்டுத் துலக்கினாள். முகப்பும் பக்கங்களும் தேன் நிறத்தில் தெளிந்து வந்தன.

பின்பலகை மட்டும் தெளியவில்லை.

எழுதுகிறவனுக்கு எதிரே நிற்பவர்களைப் பார்த்திருந்த பலகை அது. பெயிண்ட்டுக்கு அடியில் கருநீலக் கறைகள், ஒன்றின்மேல் ஒன்றாக, பலகை முழுக்க. முதலில் பூஞ்சணம் என்று நினைத்தாள். விளக்கைக் கிட்டே கொண்டுபோனபோதுதான் தெரிந்தது. எல்லாம் கட்டைவிரல்கள். கைநாட்டு வைத்தவர்கள் மையைத் துடைத்துவிட்டுப் போன இடம்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். மரம்தான் தேய்ந்தது. கறை அடியிலிருந்து அப்படியே மேலே வந்தது. ஒரு கறையின்மேல் தன் விரலை வைத்துப் பார்த்தாள்.

சூடாக இருந்தது.

மறுநாள் அறைகளில் சாமான்களை நிரப்பி, நாற்காலியை இழுத்துப் போட்டு வேலைக்கு உட்கார்ந்தாள். சேற்று வாடை வந்தது. நனைந்த சாக்கின் வாடை. அதற்கு அடியில், ஆறாத புண்ணின் வாடை. சந்தில் சாக்கடை அடைத்திருக்கும் என்று நினைத்துக் குனிந்தபோது, மேசைக்கு அந்தப் பக்கம் யாரோ கால் மாற்றி நின்றார்கள்.

நிமிர்ந்தாள். யாருமில்லை.

குனிந்தாள். மூச்சுச் சத்தம்.

ஒருவருடையது அல்ல.

அவள் நெற்றியில், கைகளில், கழுத்தில் ஒரு பார்வை வந்து அழுத்தியது. அடிக்கக் கையை ஓங்கி நிற்பவனுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதுபோல உடம்பு கூசியது. எதிரே இருப்பது கோபம், வெறும் கோபம் என்று அவளுக்குப் புரிந்தது. அந்தக் கோபம் அவளுக்குப் பழக்கமானதுதான். கோ தெய்ன் வாசலில் நிற்கும்போதெல்லாம் அவள் வயிற்றில் எரிவதும் இதுதான்.

எழுந்து ஓடியிருக்கலாம். மாடியில் மகனை விட்டுவிட்டு எங்கே ஓடுவது?

"நான் பேரு எழுத ஒக்காரல" என்றாள், காலியாக இருந்த இடத்தைப் பார்த்து. "ஊசி மாத்துறேன். இந்தாங்க, பாத்துக்கங்க." கையிலிருந்த பாபினை உயர்த்திக் காட்டினாள். "மேல என் புள்ள ஒளிஞ்சிகிட்டுக் கெடக்கான். அவனையும் புடிச்சிட்டுப் போகத்தான் பாக்கறாங்க."

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அழுத்தம் மெல்ல விலகியது. வாடை மட்டும் இருந்தது. அவள் வேலையைப் பார்த்தாள்.

இரவு சோற்றைக் கொண்டுபோய் வைத்தபோது கோபி கேட்டான். "அம்மா, கீழ யாரு வந்திருக்கா? நெறைய பேரு பேசற மாதிரி கேட்டுச்சு."

"தெரிஞ்சவங்கதான். சாப்பிடு."

மழை கொட்டிய ஒரு பிற்பகலில் கோ தெய்ன் வந்தான். குடையை உதறிவிட்டு நேரே அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். மேசையிலிருந்த பாபின்களைக் கையால் ஒதுக்கித் தள்ளினான். அவை தரையில் உருண்டு ஓடின.

"பையன் மாடியிலதான் இருக்கான், அமா. பக்கத்து வீட்டுல சொல்லிட்டாங்க" என்றான் பர்மியில்; அக்காவை அங்கே 'அமா' என்பார்கள். தாளை விரித்துப் பேனாவைத் திறந்தான்.

சத்யபாமா சொன்னாள். "அந்த மேசையில வச்சு பேரு எழுதாத, கோ தெய்ன்."

அவன் சிரித்தான். "பேர் சொல்லுங்க."

அவள் வாயைத் திறக்கவில்லை. யாரோ சொல்லக் கேட்டவன்போல அவன் எழுதினான்.

"வயசு?"

அவன் அதையும் எழுதினான்.

"அடுத்த ஆள்" என்றான். சிரிப்பு நின்றிருந்தது. எழுதினான். "அடுத்த ஆள்." பேனா தாளைக் கிழித்துக்கொண்டு ஓடியது. அவன் முகத்தில் வேர்வை வழிந்தது.

"அமா" என்றான் ரகசியமாக. "இவங்களத் தள்ளி நிக்கச் சொல்லுங்க."

"யார?"

"தமிழ்ல பேசறாங்க. எனக்குத் தமிழ் தெரியாதே. எப்படி எல்லாம் புரியுது?"

அவனுடைய வலது கை மேசையைத் தாண்டி நீண்டது. அவன் நீட்டவில்லை. மணிக்கட்டின் தோல் உள்ளே அமுங்கியிருந்தது, பல விரல்கள் சேர்ந்து பற்றியதுபோல. கட்டைவிரல் வளைந்து பின்பலகையில் போய் அழுந்தியது.

எலும்பு முறிந்த சத்தம் மழையிலும் கேட்டது.

அவன் கத்தவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் மழையில் இறங்கி நடந்தான். அன்றிலிருந்து அவன் யாரோடும் பேசுவதில்லை என்றும், கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டுவரை ஏறிய கருநீலம் எதில் கழுவியும் போகவில்லை என்றும் மார்க்கெட்டில் சொன்னார்கள். சத்யபாமாவுக்கு இரக்கம் வரவில்லை. வராதது அவளையே கொஞ்சம் பயமுறுத்தியது. அந்த வாரமே கோபியை ஒரு சரக்கு வேனில் எல்லைப் பக்கம் அனுப்பிவைத்தாள்.

மழை விட்டு, சந்து காய்ந்து வெளுத்திருந்த ஒரு காலையில் வார்டு ஆபீஸிலிருந்து வேறொருவன் வந்தான். இளைஞன், பளபளவென்று ஷூ போட்டிருந்தான். வாசற்படியில் ஒரு கால் வைத்தவன் அப்படியே நின்றான்.

"என்ன அமா, பட்டறையில இவ்வளவு கூட்டம்?"

சத்யபாமா திரும்பிப் பார்த்தாள். மேசையும் நாற்காலியும்தான் இருந்தன.

"வேலைக்கு வந்தவங்க" என்றாள்.

"எல்லாரும் ஏன் என்னையே பாக்கறாங்க?"

இத்தனை நாளும் அவர்கள் மேசையைப் பார்த்தல்லவா நின்றார்கள்? இப்போது வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறார்கள்.

"நான் அப்புறமா வரேன்" என்று முனகிவிட்டு அவன் வேகமாக நடந்தான். சேற்று வாடை அவள் தோளை உரசிக்கொண்டு வாசலைக் கடந்தது. வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரையில், அவனுடைய ஷூ போன வழியிலேயே, ஈரமான வெறுங்கால் தடங்கள் ஒவ்வொன்றாகப் பதிந்தன. பிறகு இன்னும் சில. பிறகு சந்தின் அகலத்துக்கும்.

அவன் வார்டு ஆபீஸ் பக்கம் திரும்பினான். தடங்களும் திரும்பின.

கூப்பிட்டிருந்தால் அவனுக்குக் கேட்டிருக்கும். சத்யபாமா கூப்பிடவில்லை.