முதுகில் எழுதிய பெயர்

கெலிஓயாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய ராஜரத்தினம், வழக்கம்போல ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காமல் கொரோனா வார்டுக்குள் போகத் தயாரானார். மலைச்சரிவில் இருந்த அந்தப் பழைய ஆஸ்பத்திரியில் பாதுகாப்பு உடைக்குத் தட்டுப்பாடு. கழற்றினால் எரிக்கத்தான் வேண்டும். அதனால் வேலை முடியும்வரை யாருக்கும் கழிவறை கிடையாது, பம்பர்ஸ் கட்டிக்கொள்வார்கள். தலைமைத் தாதியான அவர் மட்டும் கட்டுவதில்லை. தொட்டில் பிள்ளைகளோடு மாரடிக்க வேண்டியிருக்கிறதே என்று மற்றவர்களின் காதுபடவே அலுத்துக்கொள்வார்.

முகம் தெரியாத உடை. ஆகவே முதுகில் பெயர் எழுதுவது அங்கே வழக்கம். எல்லோருக்கும் அவர்தான் கடைசி எழுத்தை நீட்டி இழுத்து எழுதுவார். அவர் முதுகில் மட்டும் தாதி ஜெஸீமா எழுதுவாள்.

வார்டு கூட்டும் கமலத்துக்குப் பம்பர்ஸ் ஒரு கேடா என்று அவர் கொடுக்கவில்லை. போன வாரம் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, "முடியலைங்க சேர், வெளிய விடுங்க" என்றாள்.

"இன்னுங் கொஞ்சம் அடக்கு. செத்தா போயிருவே?"

அவள் அடக்கினாள். அன்று மாலை உடைக்குள்ளேயே சுருண்டு விழுந்து செத்துப்போனாள். பலவீனமான இருதயம் என்று சொல்லி அவர் கையைக் கழுவிக்கொண்டார்.

இன்று மத்தியானம் தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் அவருக்கு அடிவயிறு முட்டியது. தன் சட்டத்தைத் தானே மறந்து, யாரும் பார்க்கும் முன் உடை கழற்றும் அறைக்கு விரைந்தார்.

வாசலை அடைத்துக்கொண்டு ஓர் உருவம் நின்றது. வெள்ளை உடை. முகக் கண்ணாடி முழுக்க ஆவி.

"யாரது? தள்ளு."

அது தள்ளவில்லை.

மருந்து நெடிக்கு அடியில் பழைய மூத்திர வாடை எழுந்தது. உருவம் ஓரடி எடுத்து வைத்தது. பூட்ஸுக்குள் தண்ணீர் சளக்கென்றது.

கண்ணாடிக்குப் பின்னால் கிசுகிசுப்பு, மிக மரியாதையாக:

"இன்னுங் கொஞ்சம் அடக்குங்க சேர்."

கால் வழியே சூடாக இறங்கியதை அவரால் நிறுத்த முடியவில்லை.

ஜெஸீமா வந்து பார்த்தபோது அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். வாசலில் நின்றது யார் என்று கேட்டார்.

"அந்த ரூம் காலையில இருந்து சும்மாதானே கிடக்கு, சேர்."

அவள் சிரிக்கவில்லை, அதுவே அவருக்குத் தாங்கவில்லை. அவருடைய உடையைக் கழற்றிவிட்டவள், அதன் முதுகைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"சேர்ட பேரைத்தானே நான் எழுதின..."

அவருடைய கையெழுத்தில், கடைசி எழுத்து நீண்டு இழுபட, அங்கே இருந்தது: கமலம்.

மை இன்னும் காயவில்லை.