கிருபானந்தத்தின் பாக்கி

கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஒயரை வெட்டிக் கம்பத்திலேயே சுருட்டிக் கட்டியிருந்தார்கள். ஆனாலும் மீட்டருக்குள் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது.

ஜெஸ்டன் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தான். தட்டின் கறுப்புக் கோடு வந்தது, போனது, மறுபடி வந்தது. வீட்டில் ஒரு பல்புகூட எரியவில்லை.

பிரசவத்தில் மனைவி ஜெனிஃபா இறந்துபோன பிறகு, குழந்தை ஜோலார்பேட்டையில் மாமியார் ஜெயபுஷ்பத்திடம் வளர்கிறது. எட்டு மாதம். அதைத் தன்னோடு வைத்துக்கொள்ளத்தான் ஆம்பூரில் இந்த வீட்டை வாங்கினான். விற்றவன், முந்தைய சொந்தக்காரர் கிருபானந்தத்தின் அண்ணன் மகன். பின்கொட்டகையில் தோல் பதப்படுத்திக்கொண்டிருந்த கிருபானந்தம் நஷ்டப்பட்டு ஊரைவிட்டு ஓடிவிட்டாராம். "ஃபேன் இல்லாத வூட்டுக்குப் புள்ளய அனுப்ப மாட்டேன் தம்பி" என்று மாமியார் சொல்லிவிட்டாள். இது மே மாதம்.

கரண்ட் ஆபீஸில் சங்கீதா என்ற பெண் கணினியைப் பார்த்துச் சொன்னாள்.

"நாப்பத்தோராயிரம் சார்."

"போன வாரம் முப்பத்தெட்டுன்னீங்க."

"ரீடிங் ஏறியிருக்கே."

"லைன கட் பண்ணி ஏழு மாசம் ஆவுது மேடம். எப்படி ஏறும்?"

"அத நாங்கதான் உங்கள கேக்கணும். கொக்கி போட்டிருக்கீங்களா?"

அவன் பல்லைக் கடித்தான். "பாக்கி வச்சது கிருபானந்தம். நான் எதுக்குக் கட்டணும்?"

"பாக்கி ஆள் மேல இல்ல சார், கனெக்‌ஷன் மேல. வீட்டோட சேத்து அதயும் வாங்கிட்டீங்க. முன்னாடியே இங்க வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

நான்கு முறை அலைந்தான். நான்கு முறையும் தொகை கூடியிருந்தது. கடைசியில் ஜெனிஃபாவின் சங்கிலியை விற்றுக் கட்டினான். முத்திரைத்தாளில், இந்த இணைப்பின் மேல் இன்று உள்ளதற்கும் இனித் தெரியவருவதற்கும் நானே பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். படித்துப் பார்க்கும் பொறுமை இல்லை.

மறுநாள் பிற்பகல் லைன்மேன் மூர்த்தி வந்து இணைப்புக் கொடுத்தார். பின்கொட்டகையையும் எட்டிப் பார்த்தார். ஆள் உயரத்தைத் தாண்டி நின்றது தோல் சுழற்றும் மர டிரம். அதன் வாயை இரும்பு மூடி அடைத்திருந்தது.

"நாத்தம் ஜாஸ்தியாயிட்டே போவுதுண்ணே" என்றான் ஜெஸ்டன்.

"ஆம்பூர்ல வந்து தோலு நாத்தம்ன்றீங்களே சார். இதெல்லாம் ஒரு பேஜாரா?" மூர்த்தி சுவரிலிருந்த போர்டைத் தட்டினார். ஃப்யூஸ் செருகும் இடம் காலி. "உள்ள யாரும் இல்லியே?"

"இன்னாண்ணே சொல்றீங்க?"

"டிரம்ம கழுவ உள்ள எறங்குறவன் ஃப்யூஸ புடுங்கி மடியில வச்சிக்கினுதான் எறங்குவான். வெளிய எவனாவது சுவிட்ச் போட்டுட்டா? ஏறி வந்தப்புறம்தான் திரும்பச் சொருகுவான். இங்க பழக்கம் அது."

"அப்போ இந்த ஃப்யூஸ்?"

"அதயும் தூக்கிக்கினு ஓடிட்டாரு. எங்க பில்லு மட்டும்தான் அவருக்குக் கசந்துச்சு." மூர்த்தி சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மாலையில் மாமியார் குழந்தையோடு வந்தாள். ஃபேனுக்கு அடியில் பாயில் குழந்தை கைகளை விரித்துத் தூங்கியது. ஜெஸ்டன் லுங்கிக்கு மாறி அதன் பக்கத்தில் உட்கார்ந்தான். ஆறரை மணிக்கு ஃபேனின் வேகம் குறைந்தது. சன்னல் வழியே வந்த ஈரத் தோலும் சுண்ணாம்பும் கலந்த நெடி தொண்டைக்குள் இறங்க, அதன் பின்னாலேயே ஒரு சத்தமும் வந்தது. மரம் மரத்தோடு உரசும் நீண்ட முனகல், பிறகு கனமான ஏதோ மேலே போய்த் தொப்பென்று விழுவது, மறுபடி முனகல், மறுபடி தொப்.

மீட்டரைப் பார்த்தான். தட்டு சுற்றிய வேகத்தில் கறுப்புக் கோடு தெரியவில்லை.

பின்பக்கம் ஓடினான்.

டிரம் சுற்றிக்கொண்டிருந்தது. போர்டில் ஃப்யூஸ் இடம் காலிதான்.

பயத்தைவிடக் கோபம் முந்தியது. "கட்டிட்டேன்யா! ஒன் பாக்கி எல்லாத்தயும் நான் கட்டிட்டேன்! இன்னும் இன்னா?"

டிரம் மெதுவானது. நின்றது. வாய் அவனுக்கு நேரே.

மூடி உள்ளிருந்து நகர்ந்தது.

வீட்டு விளக்குகள் அணைந்தன. குழந்தை வீறிட்டது.

"தம்பி, ஃபேன் நின்னுபோச்சு! ஃப்யூஸ் போச்சான்னு பாருங்க!" மாமியாரின் குரல்.

டிரம்மின் வாயிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. முழங்கை வரை. வெளிர்நீலம். மயிர் இல்லை. பதப்படுத்தும் க்ரோம் உப்பில் ஊறிய தோலின் நிறம், அதே வழவழப்பு. விரல் நுனிகளிலிருந்து நீர் சொட்டியது. உள்ளங்கையில் ஒரு பழைய வெள்ளைப் பீங்கான் ஃப்யூஸ்.

கை அசையவில்லை. நீட்டியபடியே இருந்தது.

குழந்தை மூச்சடைக்க அழுதது.

வாங்கினான். ஃப்யூஸ் வெதுவெதுப்பாக இருந்தது. வீட்டை நோக்கித் திரும்ப நினைத்தான். கால் திரும்பவில்லை. குனிந்து பார்த்தான். நாள்பட்ட பழக்கம்போல, அவன் விரல்கள் அதை லுங்கி மடியில் செருகிக்கொண்டிருந்தன.