வைக்கோல்போர் போன திசை

"பரிசலை இறக்கு ஷெங்கின்! பேச்சு அப்புறம்!"

மாரெட் முழங்கால் தண்ணீரில் நின்று கத்தினாள். விடியும்போது அங்கே வயல் இருந்தது. இப்போது கண்ணுக்கெட்டிய வரை உப்புத் தண்ணீர்தான். 1607, ஜனவரி மாதம். வேல்ஸ் நாட்டின் தென்கரையில் கடல், கரையோர அணையை உடைத்துக்கொண்டு ஊர்களுக்குள் புகுந்த வருடம் அது.

மேட்டில் அவளுடைய அக்காள் புருஷன் யெவான் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தான். மிதந்து வந்த ஒரு கதவைப் பிடித்துக்கொண்டு எப்படியோ கரை சேர்ந்தவன்.

"நாங்க எல்லாரும் தேவாலயக் கோபுரத்துல ஏறிட்டோம் மாரெட். நெஸ்ட் மட்டும் முட்டை எடுக்க வைக்கோல்போர் மேல ஏறியிருந்தா. போர் அப்படியே மிதந்து போயிருச்சு. மூடுபனியில எந்தப் பக்கம்னுகூடத் தெரியல! அதைச் சொல்லத்தான் நான் மட்டும் இறங்கி வந்தேன்."

நெஸ்ட் மாரெட்டின் ஒரே மகள். ஏழு வயது. பெரியம்மா வீட்டுக்கு விருந்தாடப் போனவள்.

மாட்டுத்தோல் போர்த்திய அந்தப் பரிசல் ஓர் ஆளைத்தான் தாங்கும். அதனால் அவர்கள் ஊர் ஆற்றில் மீன்பிடிக்க இரண்டு பரிசல்கள் ஜோடியாகத்தான் போகும், நடுவில் ஒரே வலையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு. கணவன் இறந்தபின் அவன் பரிசலில் மாரெட் ஏறினாள். ஜோடி, கொழுந்தன் ஷெங்கின்.

"வலையை விட்றாதீங்க அண்ணி! பனியில பிரிஞ்சா தொலைஞ்சோம்!"

இருவரும் கடல் பக்கமாகத் துடுப்புப் போட்டார்கள். தண்ணீர் எதையும் கடலுக்குத்தான் கொண்டுபோகும். அவர்கள் பிறந்ததிலிருந்து ஆறு அதைத்தான் செய்துகொண்டிருந்தது. செத்த ஆடுகள் மிதந்து வந்தன. பூட்டிய மரப்பெட்டி ஒன்று பரிசலில் இடித்தது. உள்ளே வெள்ளிச் சாமான் கலகலத்தது.

"யாரோ பெரிய இடத்துச் சொத்து..." ஷெங்கின் கை நீட்டினான்.

"தொடாதே! கனம் ஏறினா கவுந்துருவோம்!"

பெட்டி போய்விட்டது. உடைந்த அணையும் தெரிய ஆரம்பித்தது. வைக்கோல் ஒரு துரும்புகூட இல்லை.

"அண்ணி... குழந்தை கடலுக்குள்ள..."

"வாயை மூடு!" மாரெட் வில்லோ மரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் கவனித்தாள். வேலிப்படல், செத்த ஆடு, முறிந்த ஏணி எல்லாம் மரத்தின் கடல் பார்த்த பக்கத்தில்தான் சிக்கியிருந்தன.

"ஐயோ, ஆத்துல பொழைக்கிற புத்தி! இது கடல்லேர்ந்து வந்த தண்ணிடா! எல்லாத்தையும் மலைப் பக்கம்தான் தள்ளியிருக்கும். திருப்பு!"

அதற்குள் கடல் பின்வாங்கத் தொடங்கிவிட்டது. எதிரோட்டம்! ஆற்றில் எதிர்த்துப் போகும் வழக்கமே அவர்களுக்குக் கிடையாது. பரிசலை முதுகில் சுமந்து நடந்தே திரும்புவார்கள். தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது. கத்தவும் மூச்சில்லை.

"அம்மா!"

மலையடி வேலியில் முட்டிக்கொண்டு நின்றது போர். மேலே நெஸ்ட், கக்கத்தில் ஒரு கோழியோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே போர் வேலியை விட்டு விலகி, கடலை நோக்கி நகர்ந்தது.

"பரிசல்ல ஏத்த முடியாது அண்ணி, மூணு பேரும் முங்கிருவோம்!"

"வலையை விரி! நெஸ்ட், குதிடி!"

"கோழி?"

"அதையும் தூக்கிட்டுக் குதி!"

குழந்தை கண்ணை இறுக்கிக்கொண்டு குதித்தாள். வலை அங்கங்கே அறுந்து நீண்டது, ஆனால் தாங்கியது. இருவரும் பெரிய சால்மன் மீனை இழுப்பதுபோல், அவள் தலை தண்ணீருக்கு மேலே இருக்கும்படி வலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே மேட்டுக்கு இழுத்துப் போனார்கள். பின்னால் போர் சிதறி, உடைந்த அணை வழியாகக் கடலுக்குள் போயிற்று.

மேட்டில் இருந்தவர்கள் ஓ என்று கூவிக்கொண்டு ஓடிவந்தார்கள். அதுவரை அழாத மாரெட் மகளின் ஈரத்தலையில் முகம் புதைத்து ஓவென்று அழுதாள். கோழி தும்மியது.

பிறகு நெஸ்ட்டை யெவானின் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். கோபுரத்தில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். அவளுடைய அக்காளும் அங்கேதான்.

"வலையை முடிச்சுப் போடு ஷெங்கின்."

அவன் வழக்கம்போல் அவசரமாகப் பரிசலைத் தண்ணீரில் தள்ளினான். மாரெட் அவன் கையைப் பிடித்து நிறுத்தி, வலையில் சிக்கியிருந்த ஒரு பிடி வைக்கோலைத் தண்ணீரில் போட்டாள்.

"பொறு. முதல்ல இது எந்தப் பக்கம் போகுதுன்னு பார்ப்போம்."